வரப்பு நகர்ந்த தூரம்

மன்னார்குடிப் பக்கம் பழைய வயல் எல்லைகளைத் தேடி ட்ரோன் பறக்கவிட்டபோது அந்த நிலத்துக்காரரைச் சந்தித்தேன். ஒடிசலான உடம்பு, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. பேசிக்கொண்டே மண்வெட்டியால் வரப்பைத் தன் பக்கம் செதுக்கி, அந்த மண்ணை அடுத்தவர் பக்கம் அப்புவார். வரப்பு அப்படித்தான் வருடாவருடம் நகரும்.

படத்தில், அவர் வயலுக்குள் பத்தடி தள்ளிப் பழைய வரப்பு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்று தயங்கித்தான் காட்டினேன்.

“எந்தக் காலத்து வரப்புங்க இது?”

“சோழர் காலமா இருக்கலாங்க.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“அப்பலேருந்து வெட்டி, எங்க ஆளுங்க இவ்வளவுதான் நகத்தியிருக்காங்களா?”

மறுநாள் போனால், அளவெடுக்க நாங்கள் அடித்திருந்த முளைக்குச்சிகள் பக்கத்து வயலுக்குள் ஒரு சாண் தள்ளி நின்றன. அவற்றைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட எனக்கு ஏனோ மனம் வரவில்லை.