முதுகோடு முதுகாக

போன வாரம் பேத்தி கைபேசியில் ஒரு காணொளி காட்டினாள். பெங்களூரில் ஓர் இளம் ஜோடி. அவன் கித்தார் வாசிக்கிறான், அவள் பாடுகிறாள், இருவரும் முதுகோடு முதுகாகச் சாய்ந்து நிற்கிறார்கள். “இன்னா ஸ்டைல் பாருங்க தாத்தா” என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த நிற்பு எங்கள் வீட்டுச் சொத்து. கேட்காமல் எடுத்துக்கொண்டால் எப்படி?

எங்கள் சித்தப்பா கோலார் தங்க வயல் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷின் பிடித்தவர். ஷிப்டு முடிந்து மேலே வந்தால் கையில் மின்சாரக் கித்தார். சித்தி குடியாத்தம் பக்கத்துப் பெண். நாற்று நடும்போது பாடுகிற பாட்டுகள் அவளிடம் அறுபத்து மூன்று இருந்தன, நான் எண்ணியிருக்கிறேன். அவற்றுக்குச் சித்தப்பா ராக் இசை சேர்த்தார். சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஊரான ஊரிகத்தில் கல்யாணமோ, கிறிஸ்துமஸோ, ஆடிக் கூழோ, மேடை இவர்களுடையதுதான்.

சித்திக்கு ஒரு பழக்கம். பாட்டைத் தொடங்குமுன் பலகை மேடையை வெறுங்காலால் நான்கு முறை ஓங்கி மிதிப்பாள். பாட்டு முடியும்வரை அந்த மிதி நிற்காது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். என் அப்பாவுக்கு இது பிடிக்காது.

“ஏண்டா, உன் பொண்டாட்டி பாட்றாளா, களத்துல நெல்லு மிதிக்கிறாளா?” என்று தம்பியைக் கேட்பார்.

சித்தப்பா வெறுமனே சிரிப்பார். பதில் சித்தியிடமிருந்து வரும். “நெல்லுதான் மாமா. வடிச்சுக் கொட்டினா நீங்கதானே மூணு தட்டு சாப்புட்றீங்க.”

பெங்களூரிலிருந்து ஒரு மண்டபத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். மூன்று பாட்டு பாட வேண்டும். சபைக்குப் பிடித்தால் மாதம் ஒரு கச்சேரி. பிடிக்காவிட்டால் எல்லாம் ஊரிகத்தோடு சரி. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளிலிருந்து பத்தொன்பது பேர் ரயிலேறினோம். எனக்கு அப்போது பத்து வயது.

அங்கே மேடை சிமெண்டு. அதன்மேல் கனமான சிவப்புக் கம்பளம் வேறு விரித்திருந்தார்கள். சித்தி நான்கு முறை மிதித்தாள்; பூனை நடந்த சத்தம்கூட இல்லை. கண்ணை மூடி வாசிக்கிற சித்தப்பா அன்று திருதிருவென்று விழித்தார். புதுப்புடவை சித்தியின் காலை மூடியிருந்தது. கித்தார் ஒரு பக்கம் ஓடியது, பாட்டு ஒரு பக்கம் ஓடியது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். “சாகு, சாகு!” என்று இன்னொருவர் கன்னடத்தில் கத்தினார், போதுமாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தி பாட்டை விடவில்லை. பாடிக்கொண்டே மைக்கைக் கம்பத்தோடு தூக்கிக்கொண்டு போய்ச் சித்தப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். திரும்பி நின்று, தன் முதுகை அவர் முதுகோடு அழுத்திக்கொண்டாள்.

எங்கள் லைனில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இவர்களோ ஊரே பார்க்க அப்படி நிற்கிறார்கள்.

“சித்தி கோச்சுக்கிச்சாப்பா?” என்றேன்.

“கம்முனு கேள்ரா.”

அப்பாவின் தலை நிமிர்ந்திருந்தது. சித்தப்பா கண்ணை மூடியிருந்தார். கித்தார் பாட்டின்மேல் வந்து சரியாக உட்கார்ந்திருந்தது. மூன்று பாட்டு கேட்க வந்தவர்கள் ஏழு பாட்டு கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள்.

அதன்பின் இருபத்தெட்டு வருஷம் பாடினார்கள். மைசூர், சென்னை, ஒருமுறை சிங்கப்பூர். எங்கே போனாலும் அதே நிற்பு, சுவரொட்டியிலும் அதே நிற்பு. அதைப் புதுமை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.

புதுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. பாறை துளைத்துத் துளைத்துச் சித்தப்பாவின் காது அப்போதே பாதிக்குமேல் போயிருந்தது. தெரிந்தால் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் சித்தியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பலகையின் அதிர்வை உள்ளங்காலில் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தவர், பலகை இல்லாத இடத்தில் சித்தியின் குரலை முதுகில் வாங்கிக்கொண்டார். இதை அப்பாவிடமே, சித்தப்பா தாம் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சொன்னார். அதற்குமேல் அப்பா நெல் மிதிக்கிற பேச்சை எடுத்ததில்லை.

அந்த முதல் பெங்களூர்க் கச்சேரி முடிந்து திரும்பும்போது பங்காருபேட்டையில் வண்டி மாறினோம். பெட்டி முழுக்க எங்கள் ஆட்கள், தொண்டை கிழிய மேடையில் கேட்ட பாட்டையே பாடிக்கொண்டு வந்தார்கள். நான் எதிர் இருக்கையிலிருந்து அந்த இரண்டு பேரையும் கவனித்தேன். சித்தி தன் காலைத் தூக்கிச் சித்தப்பாவின் கால்மேல் வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள். நான்கு முறை, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி நான்கு. அவரோ ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் சண்டை தீரவில்லையே என்ற கவலையில், ஊரிகம் வரும்வரை அந்த மிதிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.