அம்மா பெயர் கேட்ட பெட்டி

செங்கம் ரோட்டில் பன்னிரண்டு அறை லாட்ஜ், அதற்குப் பாறையை உடைத்து எடுத்த கிணறு, வாசலில் எஸ்.டி.டி. பூத், எங்கள் வரிசையிலேயே முதல் இமெயில். எல்லாம் நான் உண்டாக்கியவை. படிப்பு நாலாங்கிளாஸ். இமெயிலை நீ எப்படி உண்டாக்கினாய் என்று சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் வாங்கியவன் நான், தட்டியவர்தான் ரஷீத்.

நேற்று பேங்கிலிருந்து போனில் ஒரு பெண், "வெரிஃபை பண்ணணும் சார், உங்க அம்மா பேரு சொல்லுங்க" என்றாள். வாயைத் திறந்தேன். ரஷீத் அந்தக் காலத்தில் பூசிய அத்தர் வாசனைதான் மூக்கில் ஏறியது. போனை வைத்துவிட்டேன்.

டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொன்னவர் ரஷீத். அவரைத்தான் லாட்ஜ் கணக்கு பார்க்கக் கூட்டிவந்தேன். கம்ப்யூட்டர் வந்த அன்று மைசூர்பாகு கொடுத்துத் தெருவையே கூட்டினேன். சர்க்கரை ஜாஸ்தி என்று அதிலும் குறை சொன்னார்கள், அது வேறு கதை.

மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபத்துக்கு ஆறு மாதம் முன்பே வெளிநாட்டுக்காரர்கள் இமெயிலில் அறை பிடித்துவிடுவார்கள். யாருக்கு எந்த அறை என்பதெல்லாம் அந்த இமெயில் பெட்டிக்குள்தான். ஒரு கார்த்திகையில், தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர் ஆகி வந்ததும், அதுவரை தானாகத் திறந்த பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. அது மறந்துபோய் ரஷீத் தலையைச் சொறிந்தார்.

"கவலப்படாதீங்க மொதலாளி. ரகசியக் கேள்விக்குப் பதிலா உங்க அம்மா பேரத்தான் அன்னிக்கி வெச்சோம், அதப் போட்டா உட்டுடும்."

"குப்பம்மா."

தட்டினார். தப்பு என்றது. யு-வை எடுத்து ஓ போட்டார், ஒரு பி-யைக் குறைத்தார். தப்பு, தப்பு.

"அன்னிக்கி வேற ஏதோ பேரு சொன்னீங்கனு நெனக்கிறேன்..."

"எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதா? கம்முனு அடிய்யா!"

அடித்தார். அதோடு பெட்டி பூட்டிக்கொண்டது.

தீபத்தன்று ஒரே அறைக்கு மூன்று பேர், கையில் அச்சடித்த தாளோடு. ஜெர்மன்கார அம்மாள் ஒருத்தி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். ரஷீதைக் காட்டி, "இந்தாளுதான் தொலைச்சுட்டான்" என்றேன், எல்லோர் முன்னாலும். அவர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து, சவரக்கடையில் உட்கார்ந்திருந்தபோது சுருக்கென்றது. மைசூர்பாகு கொடுத்த அன்று, தெருவே நிற்க, இமெயிலின் ரகசியக் கேள்விக்காக ரஷீத் என் அம்மா பெயரைக் கேட்டார். ஜல்லி உடைத்துப் பிழைத்தவளின் பெயரைச் சொல்லக் கூசி, ஏதோ பெரிய வீட்டுப் பெயரைச் சொன்னேன். ராஜலட்சுமியா, ஜெயலட்சுமியா? இன்றுவரை பிடிபடவில்லை. பாதி முகத்தில் சோப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். காலி செய்துவிட்டிருந்தார்கள்.

அந்த இமெயில் கம்பெனியே இன்று இல்லை. லாட்ஜ் வாசலில் பூத் இல்லை. ரஷீதும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஆனால் எங்கள் வரிசையில் இப்போதும் "ரஷீத் தொலைச்ச இமெயில்" என்றுதான் பேச்சு. அது அநியாயம். உண்டாக்கியவன் மட்டுமல்ல, தொலைத்தவனும் நான்தான். இதை எழுதுகிறவர்கள் என் பெயரைப் போட்டு எழுதுங்கள்.