உம்மாவின் அமானிதமும் ஒரு கறுப்புப் பெட்டியும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே. எங்கள் உம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. அவருக்காகக் குர்ஆன் ஓதும் வருடக் கத்தத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுவோம் என்று மூத்த சகோதரியான ராத்தா சொன்னபோது, எழுதுகிற பொறுப்பு ஒரே மகனான என் தலையில் விழுந்தது. இப்படியான மலர்களில் வழமையாக எழுதுவதுபோல, உம்மா பொறுமையின் இருப்பிடம், கோபமே அறியாதவர் என்று நான் எழுதினால் அவரைத் தெரிந்த நீங்கள் சிரிப்பீர்கள். உம்மா பிடிவாதம் பிடித்தவர். அந்தப் பிடிவாதத்தைச் சொல்வதற்கு ஒரு கறுப்புப் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

உம்மா பிறந்தது சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி, ஒரு மீன்பிடிக் குடும்பத்தில். மாவடிப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளையாக வந்த வாப்பாவுக்கு வயல் ஒன்றுதான் தெரிந்த தொழில். இரண்டு போகம் அடுத்தடுத்து வெள்ளத்தில் போனதும் அவர் சவூதிக்குச் சாரதியாகப் போனார். நான்கு வருடம் கழித்துத் திரும்பியபோது ஒரு கைக்கமராவும் கொண்டுவந்தார். அறுவடை நாளில் தன்னுடைய வேளாண்மை வெட்டைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வந்த மூன்றாம் மாதம் நெஞ்சுவலியில் மௌத்தானார். எனக்கு அப்போது ஒன்பது வயது, ராத்தாவுக்குப் பதின்மூன்று.

கைம்பெண்ணுக்கு விதித்த இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் உம்மா வளவுக்கு வெளியே கால் வைக்கவில்லை. அந்த நாட்களில்தான் அலுமாரிக்குள் இருந்த கமராவை எடுத்தார். அதோடு வந்த புத்தகத்தில் ஓர் எழுத்தும் அவருக்கு விளங்காது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினார். மனிதர் எவரையும் எடுக்கவில்லை. கிணறு, முருங்கை, ஒரு கறுத்தக் கோழி, கழுவிக் கொடியில் போட்ட வாப்பாவின் சாரன், இவைதான் அந்த முதல் கசட்டில் இருக்கின்றன. படத்துக்குப் பின்னால் நின்று உம்மா கதைப்பதும் அதில் பதிந்திருக்கிறது.

இத்தா முடிந்து சில மாதத்தில் அயல் வீட்டில் ஒரு கலியாணம். ஆண்கள் பக்கத்தை எடுக்க ஸ்டூடியோக்காரர் வந்தார். பெண்கள் இருக்கும் அறைக்குள் அவர் எப்படிப் போவது? உம்மா கமராவைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து கல்முனையிலும் மருதமுனையிலும் பல வீடுகளில் பெண்கள் பக்கத்துக்குக் கமராக்காரர் எங்கள் உம்மாதான். கைம்பெண் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்று கதைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் கலியாணத்துக்கும் பிறகு உம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கமராதான் எங்களுக்குச் சோறு போட்டது, என்னைப் படிப்பித்தது, ராத்தாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது.

முக்காடில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்களை எடுக்கிற வேலை அது. அதனால் உம்மா கண்டிப்பாக இருந்தார். டெக்கில் போட்டு எடுத்த பிரதியை மணப்பெண்ணின் கையில் மட்டும்தான் கொடுப்பார், மாப்பிள்ளை கேட்டு வந்தாலும் கொடுக்கமாட்டார். மூலக் கசட் தன்னிடம் அமானிதமாக இருக்கிறது, வேறு கண்ணுக்குப் போகாது என்று சொல் கொடுப்பார். கசட்டின் மேல் பெயர் எழுதுவதில்லை, இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் யாருடையது என்பது தலையணைக்குக் கீழே கிடந்த கொப்பியில் இருந்தது. யாராவது ஒரு கசட்டை எடுத்தாலும் அது யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

சுனாமியாகக் கடல் வந்த நாளில் அந்த ஏற்பாடே எங்களுக்கு வினையானது. பாதி கட்டி முடிந்திருந்த மேல்வீட்டில் தகரப் பெட்டிக்குள் கசட்டுகள் பத்திரமாக இருந்தன. கீழே இருந்த கொப்பியைக் கடல் கொண்டுபோனது. கொடுத்த பிரதிகளும் அந்தந்த வீடுகளோடு போயின. படத்தில் சிரித்த பெண்களில் சிலரும் போனார்கள். எழுபதுக்கு மேற்பட்ட கசட்டுகள் வெறும் இலக்கங்களோடு உம்மாவிடம் மிஞ்சின. கமராவும் கடலில் போனதால் அவற்றைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. பெட்டியைத் துடைத்து, பூட்டி, இருபது வருடம் காத்தார்.

மூன்று வருடத்துக்கு முன் சீனி வருத்தம் உம்மாவின் இடக்கண்ணைப் பறித்தது. வலக்கண்ணும் சில மாதம்தான் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள் வைத்து உம்மா என்னிடம் சொன்னார்.

"மகன், அந்தக் கசட்டெல்லாம் ஆர்ர ஆர்ர எண்டு என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியா. என்ட கண் போறதுக்கு முதல் எல்லாம் உரியவங்கட கைக்குப் போகணும்."

கசட்டை எந்தக் கடைக்கும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. ராத்தாவின் மகள் றிஸ்னா கம்பியூட்டர் படித்தவள். அவள் பழைய கமரா ஒன்றைத் தேடி வாங்கி, வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி முடித்தாள். இனி உம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து ஆளைச் சொல்ல வேண்டும், ராத்தா புதுக் கொப்பியில் எழுத வேண்டும். கம்பியூட்டர்த் திரையில் உம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, பெரிய டீவி வேண்டும். டீவியில் போட்டுக்காட்ட ஒரு பெட்டி வேண்டும். அதைத் தேடுகிற வேலை எனக்கு. நான் பார்க்கக் கூடாத படங்களுக்கு நான் பெட்டி தெரிவு செய்ய வேண்டும் என்பதை நினைத்து வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் தடவை நான் கெட்டிக்காரன்போல நடந்தேன். பெட்டி எதற்கு, போனிலிருந்தே டீவிக்கு அனுப்பலாம் என்று புது டீவி ஒன்று வாங்கி வந்தேன். ராத்தாவின் கணவரான மச்சான் மேல்வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கியிருந்தார். எங்கள் ஊரில் தாயும் மகளும் ஒரே வளவில்தான் குடியிருப்பார்கள், மேலுக்கும் கீழுக்கும் ஒரே வைபைதான். போனில் இரண்டு டீவியின் பெயரும் ஒரேமாதிரி வந்தது. நான் ஒன்றை அழுத்தி, உம்மாவையும் ராத்தாவையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு விறாந்தைக்கு வந்தேன். கீழே டீவி இருண்டு கிடந்தது. மேலே மச்சான் பள்ளிவாசல் நிர்வாகத்தார் மூன்று பேரோடு இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கலியாணப் பெண்களின் குரவைச் சத்தம் கேட்டது. மச்சான் வயரைப் பிடுங்கும்வரை அது நிற்கவில்லை.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல எழும்பிப் போனார்கள். உம்மா எனக்கு ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எந்த இலக்கம் ஓடியது என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் காலை அதை றிஸ்னாவின் கம்பியூட்டரில் போடச் சொல்லி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு ஆளைக் கண்டுபிடித்தார். பிறகு ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மருதமுனைக்குப் போனார். அந்த மணப்பெண் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்தவர். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, மன்னித்துப் பொருத்தம் தரும்படி கேட்டார் உம்மா. நீங்கள் வந்து சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காதே மாமி என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"உனக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுமே, மகள்" என்றாராம் உம்மா. இதை ராத்தா வந்து சொன்னபோது எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

அதன்பிறகு உம்மாவின் சொல் ஒன்றுதான்: காற்றில் போகிற சாமான் வேண்டாம், வயரில் போகிறது வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை டீவியிலேயே நேரடியாகக் குத்திப் பார்த்தோம். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பழைய மாதிரிச் சத்தம் டீவிக்குத் தெரியாதாம். றிஸ்னா மாற்றிப் பார்த்தாள். வாய் முன்னாலும் குரல் பின்னாலுமாக ஓடியது. கண் மங்க மங்க உம்மா குரலை வைத்துத்தான் ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஆகவே சத்தம் பிசகினால் எல்லாம் வீண். கல்முனையில் ஒரு பெட்டி வாங்கினேன். திறந்தவுடன் இன்டர்நெட்டைக் கேட்டது, பெயரைக் கேட்டது, இல்லாமல் ஓர் அடி நகரமாட்டேன் என்றது. உம்மா அதைத் தொடவேயில்லை. அடுத்த பெட்டி ஒன்றும் கேட்கவில்லை, சத்தமும் சரி. ஆனால் கரண்ட் போய் வந்தால் படத்தைத் தொடக்கத்திலிருந்துதான் போட்டது. எங்கள் ஊர் கரண்டுக்கு அதை வைத்து எழுபது கசட்டைப் பார்த்து முடிக்க உம்மாவுக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

கடைகளில் பரீட்சித்துப் பார்க்கிறதும் இலேசான காரியமில்லை. நாலு ஆண்கள் நிற்கிற கடையில் எந்தக் கசட்டைப் போட்டுக் காட்டுவது? முதல் கசட்டை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோ என்று உம்மாதான் சொன்னார். கோழிக்கும் கிணற்றுக்கும் பர்தா இல்லைத்தானே என்றார்.

நான் வாழ்வது அக்கரைப்பற்றில், மனைவியின் வீட்டில். அங்கே பஸ் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. இன்டர்நெட் இல்லை. பெரிய பொத்தான்கள் வைத்த ரிமோட். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதை இப்போது ஒருவரும் வாங்குவதில்லை காக்கா, புதிசு தாறேன் என்று கடைக்காரர் என்னைத் திருப்பப் பார்த்தார். நான் பிடிவாதமாக நின்று பென் டிரைவைக் குத்தச் சொன்னேன். கிணறு வந்தது. கோழி வந்தது. உம்மாவின் குரல் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய தெளிவோடு அந்தக் கடைக்குள் கேட்டது.

"இது நம்மட கிணறு. இது கோழி, நிக்கிதில்ல. நான் கதைக்கிறது கேக்குதா? கேக்குதா?"

கடைக்காரர் ஏதோ வயரைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "ஓம் உம்மா, நல்லாக் கேக்குது" என்றார். பிறகு தன்னுடைய வாயைத் தானே பொத்திக்கொண்டு வெட்கப்பட்டார். நான் அந்த நிமிடமே பெட்டியை வாங்கினேன்.

உம்மாவின் வீட்டில் அதை டீவியோடு பூட்டி முதலில் அந்தக் கசட்டையே போட்டேன். அதை நானும் இருந்து பார்க்கலாம். கடைக்காரரின் கதையைச் சொன்னதும் உம்மா சிரித்தார். சிரித்து முடித்து, வலக்கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு நான் கேட்டநேரம் ஓம் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல, மகன். உங்கட வாப்பா போய் நாப்பது நாள்."

அடுத்த ஐந்து மாதம் உம்மா ஓய்ந்திருக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு டீவிக்கு முன்னால் இருந்தால் பின்னேர அசர் தொழுகைக்குத்தான் எழும்புவார். இருபதாவது கசட்டோடு வலக்கண்ணும் முற்றாகப் போனது. ராத்தா தன் சட்டையிலிருந்து கழன்ற ஒரு மணியை ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் மேல் ஒட்டிக் கொடுத்தார். அதைத் தடவிக்கொண்டு உம்மா காதால் பார்த்தார். குரவை போடுகிற குரலை வைத்து ஆளைச் சொன்னார், பின்னணியில் அழுத பிள்ளையை வைத்துச் சொன்னார், ஒரு மாமியாரின் இருமலை வைத்தும் சொன்னார். நான் விறாந்தையில் இருந்து கதவுக்கு அப்பால் அவர் இலக்கமும் பெயரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சலிப்பாக இருந்தால் விடுங்கள் உம்மா என்று ஒருநாள் சொன்னேன். போய் உன்னுடைய வேலையைப் பார் என்றார்.

கசட்டுகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. கைக்குழந்தையாக இருக்கும்போதே தன்னுடைய உம்மாவைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பிள்ளை கோமாரியிலிருந்து வந்தாள். அவளுடைய உம்மாவின் கலியாணத்தை அவளுக்குப் போட்டுக்காட்டிய அன்று நான் விறாந்தையிலும் இருக்கவில்லை, ரோட்டுக்குப் போய்விட்டேன். அழுகிற சத்தத்தைத் தாங்குகிற நெஞ்சு எனக்கில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியது. நாற்பத்தொன்று. மூன்று தடவை கேட்டும் உம்மாவுக்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் ராத்தாவைக் கூப்பிட்டு, அதை யாரிடமும் விசாரிக்க வேண்டாம், இனிப் போடவும் வேண்டாம், அழித்துவிடு என்றார். ஜனாஸா அடக்கிய அன்று பின்னேரம் ராத்தா அந்தக் கசட்டின் நாடாவை உருவி வெட்டி, கிணற்றடியில் புதைத்தார். றிஸ்னா ஹார்ட் டிஸ்க்கிலிருந்த பிரதியை அழித்தாள். நாற்பத்தொன்றாம் இலக்கத்தின் சொந்தக்காரர் இதை வாசித்தால் எங்களுக்குப் பொருத்தம் தர வேண்டும். உங்களுடைய படம் இல்லை, ஆனால் வேறு கண்ணுக்குப் போகவுமில்லை.

உம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், நாற்பது நாளும் எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், அன்று தலையைக் குனிந்துகொண்ட பள்ளி நிர்வாகத்தார் மூவருக்கும், றிஸ்னாவுக்கும், அக்கரைப்பற்றுக் கடைக்காரருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. உம்மா யாரையாவது நோகப் பேசியிருந்தால், பேசியிருப்பார், பொருந்திக்கொள்ளுங்கள். அவருக்காகத் துஆக் கேளுங்கள்.

கத்தம் ஓதிச் சாப்பாடு முடிந்ததும் கொஞ்சம் பொறுங்கள். மற்றவற்றை உரியவர்களின் கைக்குப் போனதும் அழித்துவிட்டோம், ஹார்ட் டிஸ்க்கில் இப்போது முதல் கசட் ஒன்றுதான் இருக்கிறது. அதை எல்லாரும் பார்க்கலாம் என்பதால் கீழ்வீட்டில் அந்தக் கறுப்புப் பெட்டியில் போடுவோம். ஆண்கள் விறாந்தையிலும் பெண்கள் உள்ளேயும் இருக்கலாம், கதவைத் திறந்தே வைப்போம். கமராவுக்குப் பின்னால் நின்றவர் என்பதால் உம்மா படத்தில் இல்லை. கோழி ஓடி முடிய அவர் இரண்டு தடவை கேட்பார். அன்றைக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. இந்த முறை எல்லாரும் சேர்ந்து ஓம் என்று சொல்லுங்கள்.