புது சர்வர் கேட்ட தலைமை

“...பழசு கையில இருக்கிற பொறுப்பு அம்புட்டையும் புதுசுக்கு விட்டுரணும் முதலாளி. ரெண்டு தலைன்னா புதுசு கொஞ்ச நாள்ல தானா அணைஞ்சிரும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சர்வர் மெக்கானிக் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பழைய சர்வர் சூடேறி அடிக்கடி நின்றது. அது ஒரேயடியாகப் போய்விட்டால் ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டரும் எங்களை உள்ளே விடாது. அதற்காகத்தான் சின்னக் கம்பெனிகளுக்கென்று வரும், தானே தலைமையாக இருந்தால்தான் ஓடுகிற சர்வர் ஒன்றை வாங்கியிருந்தோம்.

மெக்கானிக் ஒல்லியான ஆள், காதோரம் நரை. எந்தப் பெட்டியையும் தொடுமுன் அதன் விலாவில் காது வைத்துக் கேட்பார்.

“பழசைத் தூக்கிப் போடச் சொல்லல. புதுசுக்குக் கீழ இருக்கட்டும்.”

“எங்க அய்யா பூசை போட்டு வச்சது, நேத்து வந்ததுக்குக் கீழ இருக்குமாவே? புதுசு கூடமாட நிக்கட்டும்” என்றார் முதலாளி.

“கூடமாட நான் நிப்பேன் முதலாளி, இது நிக்காதே!”

நான் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை. “அப்பொ புதுசே வேண்டாம்” என்றார்.

மெக்கானிக் புது சர்வரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினார். என் மேஜை ஃபேனை எடுத்துப் பழைய சர்வரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.