மெர்சி டீச்சர் வரைந்த மேடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பெங்களூரில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு என்னை இழுத்துப் போனாள். நுழைந்ததுமே டர்பன்டைன் வாசனை. சுவர் நீளத்துக்கு ஓர் எண்ணெய் வண்ண ஓவியம். சாம்பலும் மஞ்சளுமாக அள்ளி வீசி இழுத்த தீற்றல்கள். கீழே ‘கோலார் தங்கவயல்: மௌனம்’ என்று சீட்டு. வரைந்தவர் குடுமி போட்ட ஒரு கனவான். எங்கள் ஊரில் முழுசாக இரண்டு நாள் தங்கினாராம். நிலத்தின் மௌனம் அவரோடு பேசியதாம். எங்களிடம் ஐம்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாத மௌனம்! தங்கம் எடுத்தபின் மில்லிலிருந்து கொட்டிய மண்ணெல்லாம் குவிந்து கிடக்கும் சைனைட் மேட்டுக்குக் கீழே, ஆடிக் காற்றில் ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் மனிதருக்கு வாய் நிறைய மௌனம் கிடைத்திருக்கும். சோறு, தலையணை, நற்கருணை அப்பம், எதையும் அந்தப் புழுதி விட்டுவைத்ததில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். அந்த டர்பன்டைன் வாசனை என்னை நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டது. அங்கே நான் புதிதாகச் சேர்ந்த கணக்கு வாத்தியார். மெர்சி டீச்சர் டிராயிங். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் வைக்க நம்ம ஊர்க் காட்சி ஒன்றை வரையச் சொன்னார் தலைமையாசிரியர். அவர் மனதிலிருந்த நம்ம ஊரில் ஆறு ஓடியது, தென்னை சாய்ந்தது.

மெர்சி டீச்சர் ஒரு மாதம், பள்ளி விட்டதும் பெரிய பிளைவுட் பலகை முன்னால் நின்றார். பிரஷ்ஷைவிடப் பட்டி பார்க்கிற தகடும் முழங்கையும்தான் அதிகம் வேலை செய்தன. முடிந்ததும் தலைமையாசிரியர் வந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

“மேடுதான் சார். காத்தடிக்கச் சொல்லோ.”

“காத்து இருக்கட்டும், மேடு எங்க கீது?”

ஆசிரியர் அறைக்கு ஆஸ்தான கோமாளி நான்தானே? “தலைகீழா வெச்சிப் பாருங்க சார், தெரிஞ்சாலும் தெரியும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மெர்சி டீச்சர் என்னை மட்டும் பார்த்தார். “நீங்க தெனமும் அந்த வழியாதானே வரீங்க சார்?”

மறுநாள் போர்டு எழுதுகிற ஒருவர் வந்து அதன் மேலேயே அருவியும் இரண்டு அன்னங்களும் போட்டார். தங்கவயலில் அன்னம்! ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பெயின்ட் கைமேல் சொட்டியபோதும் விடவில்லை, அவ்வளவு கடமையுணர்ச்சி. மெர்சி டீச்சர் வாசலில் நின்று கடைசிவரை பார்த்தார். விழாவில் அன்னங்களுக்குப் பலத்த கைதட்டல். அந்த வருஷத்தோடு அவர் வேலையை விட்டுவிட்டு, சேலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகவில்லை.

சுரங்கம் மூடிய பிறகு பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். பலகை எங்கே போயிற்று என்று கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை. மேட்டில் இப்போது செடி வைத்திருக்கிறார்கள். புழுதி முன்போல் எழுவதில்லை. நல்லதுதான், ஊருக்கு இருமல் குறைந்தது.

கண்காட்சியிலிருந்து வெளியே வந்ததும் மகளிடம் மெர்சி டீச்சர் வரைந்த மேட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டாள்: “அந்தக் காத்து எப்படிப்பா இருக்கும்?”

நடைபாதையில் நின்று கையை இப்படியும் அப்படியும் வீசிக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை இறக்கிக்கொண்டேன்.