வெட்டாமல் விட்ட காசித்தும்பை

அறுபத்தேழாம் ஆண்டு மாசி மாதம். காலை ஆறேகால் பஸ்ஸில் நானும் நண்பர் நவமும் மாத்தளையிலிருந்து கிளம்பினோம். ரத்தோட்டைக்கு ஏழு மைல். நவம் யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிறார். எங்கள் மாரியம்மன் தேருக்கு எத்தனை முறை கூப்பிட்டும் வராத மனுஷன், ஒரு செடிக்காக விடியுமுன்பே என் கதவைத் தட்டிவிட்டார்.

செடியும் லேசுப்பட்டதல்ல. உலகில் வேறெங்கும் காணாத காசித்தும்பை இனம் ஒன்றை, ரிவஸ்டன் மலைப்பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் போன வருடம் அவர் கண்டுபிடித்திருந்தார். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ஒரே ஒரு பாறைச் சரிவில்தான் அது இருக்கிறது. புல்லு வெட்டும்போது அந்தச் சரிவை விட்டுவிடச் சொல்லித் தோட்டத்துக்கு மூன்று கடிதம் போட்டார். பதிலே இல்லை.

ரத்தோட்டையில் பிளேன்டீ குடித்துவிட்டு ஒரு லொறியில் தொற்றிக்கொண்டோம். ஒன்பது மணிக்குமேல் நடைதான். மூடுபனிக்குள் ஏலக்காய் வாசம் வந்தது. காலெல்லாம் அட்டை.

பத்தரைக்குத் தோட்டத்தை அடைந்தோம். புல்லுவெட்டு முடிந்திருந்தது. ஏலச்செடியைத் தவிரத் தரையில் ஒரு பச்சை இல்லை. நவம் ஈரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தோட்டத்துக் கங்காணி மருதை வந்தார். "என்னங்க சார், ஒக்காந்துட்டீங்க? ஒங்க செடி இருக்கு, வாங்க."

மரங்களைச் சுற்றிப் போனால் அந்தப் பாறை. அடேயப்பா, என்ன அழகு! நகத்தளவு வெளிர் ஊதாப் பூக்கள், தொண்டையில் மஞ்சள் கீற்று, சரிவு முழுக்க. அடியில் குங்குமம் பூசிய ஒரு கல், அதற்குச் சிவப்புத் துணி.

"போன வருசம் நீங்க சப்பாத்தக் கழட்டி வச்சிட்டு, மண்டி போட்டுத் தலையக் குனிஞ்சீங்கல்ல? இங்க சாமி இருக்குன்னு நம்ம பொம்பளைங்க கல்லு நட்டுட்டாங்க. அதுக்கப்புறம் யாரு கத்தி வைப்பா?"

நவம் விழித்தார். "பாசி வழுக்கும், செடிக்கண்டு மிதிபடும் எண்டுதான் கழட்டினனான். குனிஞ்சது லென்ஸ் வைச்சுப் பாக்க."

"அத அவங்ககிட்ட சொல்லிராதீங்க சார்."

மேலே நாலைந்து பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவம் சப்பாத்தைக் கழற்றினார். நானும் கழற்றினேன். கொண்டுவந்த கத்தரிக்கோலை அவர் பையைவிட்டு எடுக்கவே இல்லை. உதிர்ந்து கிடந்த பூக்களை மட்டும் பொறுக்கித் தாள்களுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு ரத்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றோம். நவம் கடைப்பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்:

"இஞ்ச கற்பூரம் எந்தக் கடையில வாங்கலாம்? அடுத்த முறை வெறுங்கையோட வரேலாது."