முதல் பந்தி, ஜன்னலோர மேஜை

இத்தாலியின் துறைமுக ஊரான எங்கள் சவோனாவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஒர்னெல்லா ப்ரியானோவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதிக்கு ஓட்டவே தெரியாது என்பது அவள் கட்சி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் அவளுடைய வலது கால் ஓய்வு பெறவில்லை. யார் ஓட்டும் வண்டியில் ஏறினாலும், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்தவன் ஒருத்தனுக்கும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியல" என்பாள்.

என் பெயர் ஃபுல்வியா. அவளுக்குக் கீழ்வீட்டுக்காரி. வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பரில், எங்கள் துறைமுகத்திலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் அவளோடு ஒரே அறையில் படுத்து, அவள் குறட்டையைக் கேட்பவளும் நான்தான். நான் போவது ஊர் பார்க்க. அவள் போவது சாப்பிட.

இந்தப் பழக்கம் ஆசையில் வந்ததல்ல, கோபத்தில் வந்தது. அவளுடைய அம்மா பெனெதெத்தா நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி பாச்சீச்சா இப்படியொரு கப்பலில் இருந்தான். ஒர்னெல்லா கப்பல் கம்பெனியைப் பிடித்து அவனுக்குச் செய்தி அனுப்பினாள். மறுநாள் காலை கப்பல் பார்சலோனாவில் நின்றது. அங்கே விமானம் பிடித்திருந்தால் பொழுது சாய்வதற்குள் அம்மாவின் கட்டிலருகே நின்றிருக்கலாம். அவன் இறங்கவில்லை. பயணத்தை முழுசாக முடித்து, வெயிலில் சிவந்த மூக்கோடு அவன் வந்து சேர்ந்தபோது அம்மா சவப்பெட்டிக்குள் இருந்தாள். அன்றோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. அவன் அல்பெங்காவில் பூ வளர்க்கிறான். அந்த ஊர்ப் பூவைக்கூட அவள் வாங்குவதில்லை.

"பெத்தவ சாகக் கெடக்கிறப்போ எறங்காம உக்காந்து தின்னானே, அப்படி என்னத்தடி போடறானுங்க அங்க? நான் பாத்தே ஆகணும்" என்று அடுத்த நவம்பரில் என்னையும் இழுத்துக்கொண்டு கப்பலேறினாள். முதல் நாள், திருட்டு நடந்த வீட்டைப் பார்க்க வந்த போலீஸ்காரர் மாதிரி தட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இரண்டாம் நாள் ருசி பார்த்தாள். மூன்றாம் நாள் இன்னொரு தட்டு கேட்டாள். அதற்கடுத்த வருஷமும் போகலாம் என்று சொன்னது அவள்தான். விசாரணை இன்னும் முடியவில்லையாம்.

விசாரணை வருஷக்கணக்கில் நடந்ததில் அவள் கப்பல் சாப்பாட்டில் கரைகண்டுவிட்டாள். ஏறிய உடனே எல்லோரும் கைப்பையும் கோட்டுமாக மேல்தளத்து பஃபேக்கு ஓடுவார்கள். அவள் நேரே உணவுக்கூடத்துக்குப் போய், ராத்திரி தனக்கு எந்த மேஜை என்று பார்ப்பாள். பயணம் முழுக்க அதே மேஜை, அதே ஆட்கள், அதே பரிசாரகர் என்பதால் அதில் தப்பு நடந்தால் எல்லாமே தப்பு. முதல் பந்திதான் வேண்டும், அப்போதுதான் பரிமாறுகிறவனுக்குக் கால் வலிக்காது. ஜன்னலோரம் வேண்டும். சமையலறைக் கதவு காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

ரொட்டியைத் தொடமாட்டாள். "வயித்தை அடைக்கத்தான் அதை மொதல்ல வைக்கிறான்" என்பாள். முதல் தட்டில் இரண்டு வகை இருந்தால் இரண்டையும் பாதிப் பாதியாகக் கேட்பாள். எங்கள் ஊர்ப் பச்சைச் சட்னியான பெஸ்தோ போட்ட எதையும் வாங்கமாட்டாள். வீட்டில் கிடைப்பதைக் கடலில் வந்து தின்பவன் மடையன். எதை வாங்குவதென்று குழப்பம் வந்தால் பரிசாரகரிடம், "இதுல எதை நீ சாப்பிடுவே?" என்று கேட்பாள். அவன் கண் எந்தப் பக்கம் போகிறதோ அதுவே உத்தரவு. சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம் என்பதால், கப்பலில் தனிக் காசு கேட்கும் உணவகங்களின் வாசலில் அவள் நிழல்கூட விழுந்ததில்லை.

கப்பல் கரையில் நிற்கும் நாள்களில் நாங்களெல்லாம் ஊருக்குள் ஓடுவோம். அவள் மட்டும் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவாள். அன்றைக்குக் கூடம் காலி, சமையல்காரனுக்கு அவசரமில்லை, தட்டு சுடச்சுட வரும். நேப்பிள்ஸையும் பார்சலோனாவையும் அவள் பார்த்ததெல்லாம் சாப்பாட்டு ஜன்னல் வழியாகத்தான். இரண்டு ஊரும் நன்றாக இருப்பதாகவே சொல்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் ஏறினோம். மேஜை அருமையாக அமைந்திருந்தது. முதல் பந்தி, ஜன்னலோரம், கதவுக்குத் தூரம், பரிசாரகன் ரொமெல் என்ற சுறுசுறுப்பான பிலிப்பினோ. கூனேயோவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒர்னெல்லா துடைப்பானை மடியில் விரித்து முடித்தபோது ஐந்தாவது ஆள் வந்தார். பாச்சீச்சா.

தலை முழுக்க நரைத்திருந்தான். "சாயங்கால வணக்கம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒர்னெல்லா துடைப்பானை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து, உணவுக்கூட மேலாளரிடம் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"ஒரே குடும்பப் பெயரா இருக்கேன்னு…" என்று மேலாளர் சிரித்தார்.

"ஒரே பெயர் இருந்தா ஒரே குடும்பமா? அந்த ஆளை வேற எடத்துல போடுங்க."

"அவரை மாத்த முடியாதுங்க அம்மா. டிக்கெட் எடுத்தப்பவே அந்த மேஜைதான் வேணும்னுட்டார். நீங்க வேணா மாறிக்கலாம். ரெண்டாம் பந்தியில ஒரு எடம் இருக்கு."

"எங்க?"

"சமையலறைப் பக்கம்."

ஒர்னெல்லா அந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். கதவு இரண்டு தடவை திறந்து மூடியது. திரும்பி வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பானை மறுபடி மடியில் விரித்தாள். "நான் எதுக்குடி எந்திரிக்கணும்?" என்றாள் என்னிடம். "தப்பு செஞ்சவன் எந்திரிக்கட்டும்."

அவனும் எழுந்திருக்கவில்லை. அதனால் அக்காவும் தம்பியும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து, ரொமெல் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

"ரொமெல், அந்த ஆளுகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"ரொமெல், உப்பு ஏற்கெனவே தூக்கலா இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லிடு."

ரொமெல் நல்ல பிள்ளை, இரண்டு பக்கமும் தலையாட்டினான். பல் மருத்துவர் மனைவிக்கு இது நாடகம் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது. நான் பாச்சீச்சாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவனும் ரொட்டியைத் தொடவில்லை. இரண்டு வகையையும் பாதிப் பாதி கேட்டான். ரொமெலிடம், "இதுல நீ எதைச் சாப்பிடுவே?" என்று கேட்டான். ஒர்னெல்லா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. அறைக்கு வந்ததும், "பாத்தியா, என்னையே காப்பியடிக்கிறான்" என்றாள். அவன் அவளுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தான் என்பதை நான் சொல்லவில்லை.

தூக்கம் வராமல் புரண்டுகொண்டே அவள் சொன்னது ஒன்றுதான். "ஏன் எறங்கலன்னு மட்டும் தெரிஞ்சா போதும்டி. இத்தனை வருஷமா அதுதான் என்னை அரிக்குது."

"கேளேன்."

"கேட்டா பேசின மாதிரி ஆயிடும்."

கப்பல் பார்சலோனாவுக்கு வந்த அன்று காலை நான் படிக்கட்டில் கால் பிசகி விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது, ஊர் பார்க்க முடியாது. அதனால் முதல் தடவையாக மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு உட்கார்ந்தேன். கூனேயோ தம்பதி ஊருக்குள் போய்விட்டார்கள். கூடமே காலி. பாச்சீச்சா மட்டும் வந்து, வழக்கம்போல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். முதல் தட்டு முடிந்தது.

"ரொமெல்," என்றாள் ஒர்னெல்லா, "ஜன்னல் மேஜைதான் வேணும்னு அடம்பிடிச்ச ஆளு எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காருன்னு கேளு."

ரொமெல் வாயைத் திறப்பதற்குள் பாச்சீச்சா நேராக அவளைப் பார்த்துச் சொன்னான். "ஜன்னல் வேணும்னு யாரு கேட்டா? நீ இருக்கிற மேஜை வேணும்னு கேட்டேன். நீ நவம்பர்ல இந்தக் கப்பல்ல வரேன்னு கேள்விப்பட்டு, டிக்கெட் எடுத்தப்பவே சொல்லி வெச்சேன். இந்தத் துறைமுகத்தை என்னால பாக்க முடியாது அக்கா."

ரொமெல் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டான். ஒர்னெல்லாவின் வலது கால் மேஜைக்கடியில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏன்டா எறங்கல?" என்றாள்.

"பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். வரேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். நர்ஸ் அவ காதுல வெச்சாங்க."

"நான் எங்க போனேன்?"

"நீ காபி குடிக்கப் போயிருந்தியாம். அம்மா 'எங்கடா இருக்கே'ன்னா. பார்சலோனான்னேன். 'பயணம் முடிய நாளிருக்கா'ன்னா. இருக்குன்னேன். 'சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு திருப்பித் தருவானா'ன்னா. தரமாட்டாம்மான்னேன். 'அப்புறம் எதுக்குடா எறங்கறே? குடுத்த காசுக்குச் சாப்பிட்டு முடிச்சுட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்'னா."

பெனெதெத்தாவை எனக்கும் தெரியும். கல்யாண விருந்துக்கு அழைப்பு வந்தால் முதல் நாளே பட்டினியை ஆரம்பித்துவிடுவாள். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான், அவள் எங்களுக்கெல்லாம் மேல். ஒர்னெல்லா அவனைப் பொய்யன் என்று சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேன். முடியவில்லை. அது அச்சு அசல் அம்மாவின் பேச்சு.

"அப்புறம் 'ராத்திரிக்கு என்ன போடறான்'னு கேட்டா," என்றான் பாச்சீச்சா. "முயலும் இருக்கு, வாத்தும் இருக்கு, எதை வாங்கட்டும்னேன். 'ரெண்டையும் கேளுடா, வாயைத் திறந்து கேட்டா தருவான்'னா. மூச்சு வாங்கிச்சு. நர்ஸ் போனை வாங்கிட்டாங்க."

ஒர்னெல்லா கொஞ்ச நேரம் மேஜைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட அவ சொல்லவே இல்லையேடா. பக்கத்துலயேதானே இருந்தேன்."

"சொன்னா நீ சண்டை போடுவேன்னு தெரியாதா அவளுக்கு?"

"நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"கல்லறை வாசல்ல நீ கேட்டது ஒரே கேள்வி. 'தின்னு முடிச்சுட்டியா'ன்னே. முடிச்சுட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீ என் மூஞ்சியைப் பாக்கல."

அந்த வாசலில் நானும் நின்றிருந்தேன். அவன் அப்படிச் சொன்னபோது, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று கூட்டமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நானும்தான்.

"தின்ன முடிஞ்சுதா உன்னால?" என்றாள் ஒர்னெல்லா.

"முயலும் தின்னேன், வாத்தும் தின்னேன். அழுதுக்கிட்டேதான். எலும்பு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுப் பக்கத்து மேஜைக்காரர் முதுகுல தட்டினார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. துடைப்பானால் முகத்தை மூடிக்கொண்டேன். ரொமெல் இரண்டாம் தட்டுகளோடு வந்து, எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். "வெச்சுட்டுப் போப்பா, ஆறிடும்" என்றாள் ஒர்னெல்லா. அவன் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அவ அப்படித்தான்டா சொல்லுவா. மூச்சு நின்னுக்கிட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லுவா. அவ சொன்னான்னா நீ கேட்டுடறதா? எறங்கியிருக்கணும்டா நீ."

"தெரியும் அக்கா. கப்பல் நகர ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுடுச்சு."

இருவரும் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்தார்கள். சாப்பிட்டார்கள். கண்ணைத் துடைப்பதும் வெட்டி வாயில் போடுவதுமாக, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் முடித்தார்கள். காசு கொடுத்த சாப்பாடு.

அன்று ராத்திரி இருவரும் உப்பை நேரடியாகக் கேட்டு வாங்கியதைப் பார்த்துப் பல் மருத்துவர் மனைவிக்கு ஏமாற்றமாகிவிட்டது. பிறகு மனசைத் தேற்றிக்கொண்டு, அக்கா தம்பியை மன்னித்துவிட்டாள் என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்ததும் ஒர்னெல்லா அல்பெங்காவுக்கு போன் போட்டு, அன்றைக்கு இறங்காததற்காக அவனைத் திட்டுகிறாள். கூரை வழியாக எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போன மாசம் ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல், போன் போடவில்லை. நான் சூப்போடு பக்கத்தில் இருந்தபோது மணி அடித்தது. எடுத்தேன். இந்த வாரம் அக்கா ஏன் இன்னும் திட்டவில்லை என்று பயந்துபோய்க் கேட்டான் பாச்சீச்சா.